கூரைக்குப் பூக் கேட்டது

போன வாரம் பெய்த மழையில் என் மகன் படுக்கிற அறையில் நான்கு ஓடுகள் சரிந்து விழுந்தன. அவன் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். பாயில் கிடந்த தலையணை கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. அதைத் தைத்து வைத்துவிட்டேன். ஆனாலும் வானம் கறுத்தால் எழுந்துபோய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன். இரண்டு கொத்தனார்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு பேருமே நல்லவர்களாகத்தான் தெரிகிறது. யாரை வரச்சொல்ல என்று வீட்டில் கேட்கிறார்கள். ஏழு வயதில் இதே கேள்விக்குப் பதில் சொன்னவள் நான்.

அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். அப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா கச்சேரியில் எழுத்து வேலை. திங்கட்கிழமை மாட்டுவண்டியில் போனால் சனிக்கிழமைதான் திரும்புவார். வாரம் முழுக்க மேலதிகாரிகள் தீர்மானித்ததை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர். வீட்டில், ஆறு நாளாகத் தீர்மானிக்காமல் கிடந்ததையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு அம்மா காத்திருப்பாள்.

அந்த வருஷம் அக்கா தலைப்பிரசவத்துக்கு வரவேண்டியிருந்தது. ஐப்பசியில் பிறக்கும் என்று கணக்கு. பின்கட்டு அறையைத்தான் அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதற்குப் பனையோலைக் கூரை. சம்பந்தி வீட்டார் மச்சு வீட்டுக்காரர்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் ஓலைக்கு அடியில் குனிந்து நுழைவதா என்று அப்பாவுக்கு ஒரே உறுத்தல். அந்த அறைக்கு ஓடு போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. யார் போடுவது என்பதில்தான் இரண்டு மாதம் போயிற்று.

அம்மாவுக்கு உள்ளூர்க் கொத்தனார்மேல் நம்பிக்கை. தேவதானத்தில் அவள் பிறந்த வீட்டுக்கு ஓடு போட்டவர் அவர்தான். வந்தார்; வாங்கி வைத்திருந்த மரச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், நகத்தால் கீறினார், முகர்ந்தார்.

"மரம் இன்னும் பச்சை, தாயி. இதை ஏத்துனா வெயில்லயும் மழையிலயும் முறுக்கிக்கிடும். தைக்குப் பொறவு ஏத்துவோம். அதுவரைக்கும் ஓலையே கெடக்கட்டும், நான் புதுசா மாத்தித் தாரேன்" என்றார். ஓடு போட்டாலும் வருஷாவருஷம் ஆடியில் தானே வந்து புரட்டி அடுக்கவேண்டும் என்றும் சொன்னார். சட்டங்களின்மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஏட்டி, அங்கிட்டுப் போ. மேல சரிஞ்சா காலு போயிரும்" என்றார். அவரை எனக்கு அந்த நிமிஷமே பிடிக்காமல் போயிற்று.

சனிக்கிழமை வந்த அப்பா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போட்ட ஓட்டை வருசாவருசம் புரட்டணும்னா, அவன் என்னத்தைப் போடுதான்?"

அப்பாவின் ஆள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அவர் போட்ட கூரைகளை அப்பா சும்மா நம்பிவிடவில்லை. கச்சேரி விட்டதும் தெருத்தெருவாகப் போய் ஆறேழு வீடுகளில் விசாரித்திருக்கிறார். ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அப்பா விசாரித்தது சித்திரையில். போன மழைக்காலம் முடிந்த பிறகு போட்ட கூரைகள் அவை என்பதும், அவற்றின்மேல் இன்னும் ஒரு மழைகூடப் பெய்யவில்லை என்பதும் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மனிதர் சிரித்துக்கொண்டே வந்தார். பதினைந்து நாளில் முடித்துவிடுவதாகச் சொன்னார். "ஒரு தடவை போட்டுட்டா நீங்க மேல பாக்கவே வேண்டாம்யா. பொறவு ஒங்க பேரன் கல்யாணத்துக்குத்தான் வருவேன், அதுவும் சாப்பிடதுக்கு" என்றார். அப்பா சிரித்தார். அப்பா சிரித்து நாங்கள் பார்த்து வெகுநாளாகியிருந்தது. பிறகு கொத்தனார் என் பக்கம் திரும்பி, "மேஸ்திரியம்மா, ஒங்களுக்கு மேல ஒரு கண்ணாடி பதிச்சுத் தரட்டுமா? படுத்துக்கிட்டே ஆகாசத்தைப் பாக்கலாம்" என்று கேட்டார். அதன்பிறகு எனக்கு வேறு கூரை வேண்டாம்.

அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. சம்பந்திகள் சிரித்தால் சிரிக்கட்டும், என் பிள்ளை ஓலைக்கு அடியிலேயே பெறட்டும் என்றாள். இரண்டு சனிக்கிழமைகள் அப்பா வேறு பேச்சு எடுத்தார். மூன்றாவது சனிக்கிழமை, "ஆத்தாகிட்டயே கேட்டுருவோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் முடியாத வழக்கு எல்லாம் இப்படித்தான் முடியும். இரண்டு பூவை இரண்டு இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். வெள்ளைப் பூ ஒருவருக்கு, சிவப்புப் பூ இன்னொருவருக்கு. ஒன்றும் அறியாத சின்னப் பிள்ளை ஒரு பொட்டலத்தை எடுக்கவேண்டும். எந்தப் பூ வருகிறதோ அது அம்மனின் உத்தரவு. அதற்குமேல் பேச்சில்லை.

ஒன்றும் அறியாத பிள்ளை நான்தான். பூப் பறித்துவரச் சொன்னதும் என்னைத்தான். உள்ளூர்க் கொத்தனாருக்கு ஒரு நந்தியாவட்டை பறித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்குச் செவ்வரளி. அது கொத்தாக ஒடிந்து வந்தது. நானும் கொத்தாகவே அப்பாவிடம் கொடுத்தேன். அப்போது நான் எதையும் நினைத்துச் செய்யவில்லை. பூசாரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இலையை மடித்து, நாரால் கட்டி, இரண்டையும் அம்மன் காலடியில் போட்டபோதுதான் பார்த்தேன். ஒன்று ஒல்லியாகக் கிடந்தது. ஒன்று வயிறு புடைத்துக் கிடந்தது.

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா திறந்த கண்ணோடு பொட்டலங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "எடு, தாயி" என்றார். நான் புடைத்ததை எடுத்தேன்.

பூசாரி பிரித்துக் காட்டினார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றோடு உள்ளூர்க் கொத்தனார் பேச்சும் போயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பதினான்காம் நாளே முடித்துவிட்டார், கண்ணாடியும் பதித்தார். சிவந்த ஓடுகளைப் பார்க்கத் தெருவே வந்தது. அக்கா வந்தாள், பெண் குழந்தை பிறந்தது. சம்பந்திகள் வந்து நிமிர்ந்தபடியே நுழைந்தார்கள். நான் அக்காவுக்குப் பக்கத்தில் படுத்து ஆகாசம் பார்த்தேன்.

குழந்தைக்குப் பதினெட்டாம் நாள் பிற்பகல் மழை பிடித்தது. முதலில் மேலே மூங்கில் வெடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. அக்கா அண்ணாந்து பார்த்தாள். சட்டம் முறுக்கிக்கொண்டு, ஓடுகள் வரிசையாக இறங்க ஆரம்பித்தன. குழந்தையை வயிற்றுக்குள் இழுத்து, அதன் தலைமேல் இடது கையை விரித்தபடி அவள் குப்புறக் கவிழ்ந்துவிட்டாள். அம்மாவும் நானும் அடுப்படியிலிருந்து ஓடிவந்தபோது அறைக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. அக்காவின் முதுகெல்லாம் கண்ணாடிச் சில்லு. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அக்காவின் இடது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவேயில்லை.

மறுநாள் விடிந்ததும் உள்ளூர்க் கொத்தனார் அழைக்காமலே ஓலைக் கட்டோடு வந்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லையே என்று மட்டும் அம்மாவிடம் கேட்டார். ஏணியில் ஏறும்போது, "ஆத்தா எனக்கு உத்தரவு குடுக்கலைன்னாவ. மழை குடுத்துருச்சு" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

செய்தி எட்டி அப்பா மத்தியானம் வந்து சேர்ந்தார். அம்மா அவரைத் திட்டப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். "ஆத்தா உத்தரவு, நடந்துருச்சு. பிள்ளை உசுரையாவது விட்டு வச்சாளே. நம்ம யாரைக் குத்தம் சொல்ல?" என்றாள். அப்பா தலையைக் குனிந்து காலைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. அம்மன்மேல் பழி போகிறது, அவள் என் கண்ணைக் குத்திவிடுவாள் என்று பயம். கொல்லையில் அப்பா உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அரளியைக் கொத்தாகப் பறித்தது, பொட்டலம் புடைத்திருந்தது, தெரிந்தே எடுத்தது. சொல்லிவிட்டு அடிக்காக முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா அடிக்கவில்லை. திடுக்கிட்டதாகவும் தெரியவில்லை. கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது.

"அம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்லை."

"சொல்லாத, தாயி. எப்பவும் சொல்லாத" என்றார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் அடியிலிருந்து என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார், எவ்வளவு நல்ல அப்பா என்று எனக்கு ஒரே சந்தோஷம். சரி என்று தலையாட்டினேன். அவர் விடாமல், "சத்தியமா?" என்று கேட்டார். பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் அப்படிக் கெஞ்சுவார்களா என்று நினைத்துப் பார்க்கத் தெரியாமல், அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.