அன்னவாசல் சந்தையில் ஓட்டுக் கேட்டவர்

என்னோடு கல்லூரியில் சரித்திரம் நடத்திய வெள்ளைக்காரர் ஒட்டடைக்கம்பு போல இருப்பார். பேச்சு சூடுபிடித்தால் மேசைமேல் ஏறிவிடுவார். தம் நாட்டுத் தேர்தலில் நிற்கக் கப்பலேறுமுன், கடைசியாகச் சித்தன்னவாசல் பார்க்க என்னை அழைத்துப்போனார். வழியில் அன்னவாசல் சந்தைக் கூட்டத்தைக் கண்டதும் மாட்டுவண்டியில் தாவி ஏறி, தமிழிலேயே ஓட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"ஜெயிச்சா என்ன செய்வீங்க தொரை?" என்றாள் கடலை விற்றவள்.

"எங்க ஆளுங்க எல்லாரையும் எங்க ஊருக்கே திரும்பக் கூட்டிக்கிறேன்!"

"ஆத்தாடி! அப்பத் தோத்துப்புடாதீங்க தொரை!"

சந்தையே விசிலடித்தது. அவள் அள்ளிக் கொடுத்த கடலையோடு மனிதர் வண்டிமேலேயே ஆடினார்.

அவர் ஜெயித்த செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்று கல்லூரி முழுக்க மிட்டாய் கொடுத்தேன். ஒரு வெள்ளைக்காரரின் வெற்றிக்குக் கதர்ச்சட்டைக்காரன் நான் ஏன் அப்படிக் குதித்தேன் என்று நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.