பாய் ஓட்டிய பேட்டரி ஆட்டோ

தாம்பரம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில், அரசு நிதியில் நடந்த பேட்டரி ஆட்டோ ஆராய்ச்சியில் உதவியாளராக இருந்தேன். மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கன்ட்ரோலரை நாங்களே செய்தோம். அது கரண்டை மிச்சம் பிடித்தால் சின்ன பேட்டரி போதும், வண்டி விலையும் இறங்கும். அதைச் சொல்லித்தான் நிதி வாங்கியிருந்தோம்.

வண்டி ஓட்ட அனகாபுத்தூரிலிருந்து ஒரு பாய் வந்தார். பல வருடம் பெட்ரோல் ஆட்டோ ஓட்டியவர். மாதச் சம்பளம் என்றதும் வாடகை ஆட்டோவை ஓனரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

முதல் மாதம் வண்டி பல்லாவரம் தாண்டுவதற்குள் படுத்துவிடும். ஆறாவது மாதம் அதே பேட்டரியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம் போனது. எல்லாம் கன்ட்ரோலரின் வேலை என்று ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் பூரித்துப்போனார்.

ஒரு நாள் நானும் கூடப் போனேன். மேம்பாலம் ஏறுவதற்கு வெகு முன்பே பாய் மெல்ல வேகம் சேர்த்துக்கொண்டார். சிக்னலைத் தூரத்தில் பார்த்ததுமே ஆக்சிலேட்டரை விட்டார். பிரேக்கைத் தொடவே இல்லை.

"எப்பவும் இப்படித்தான் ஓட்டுவீங்களா பாய்?"

"முறுக்கினா கரண்ட்ட குடிச்சிரும்மா. பாத்துகினு ஓட்டணும். வெயிட்டு கொறையட்டும்னு ஸ்டெப்னிய வூட்லயே வெச்சிட்டு வர்றேன்."

கூடிய தூரத்தில் பாதி அவர் கையால் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. பேராசிரியரிடம் சொன்னேன்.

"அதை ரிப்போர்ட்ல எழுதினா அடுத்த வருஷ ஃபண்ட் வராதும்மா" என்றார். நான் எழுதவில்லை.

நிதி கொடுத்தவர்கள் அனுப்பிய ஆய்வுக் குழு, வண்டியைச் சோதிக்கத் தங்கள் டிரைவரையே கூட்டி வந்தது. அவர் எல்லாரையும் போல முறுக்கி ஓட்டினார். ரிப்போர்ட்டில் சொன்ன தூரம் வராமல், பல்லாவரம் போய்த் திரும்பும் வழியில் குரோம்பேட்டையில் வண்டி நின்றது. வெயிலில் தள்ளி ஓரம் கட்டினோம். பாயும் தள்ளினார்.

நிதி நின்றுபோனது. அதைப் பாயிடம் சொல்ல என்னை அனுப்பினார்கள்.

"நான் ஓட்டிக் காமிச்சது பொய்யாம்மா?"

"இல்ல பாய்."

"அப்ப அத்த யாராச்சும் சொல்லிருக்கலாம்ல?"



பழைய ஆட்டோவுக்கு ஓனர் வேறு ஆள் போட்டிருந்தார். பாய் அஸ்தினாபுரத்தில் ஒரு அடுக்குமாடிக்கு வாட்ச்மேனாகப் போனார்.

அவர் ஓட்டிய விதத்தை உள்ளபடி எழுதி, அதைக் கன்ட்ரோலருக்குக் கற்றுக்கொடுக்க இன்னும் ஒரு வருடம் கேட்டிருக்கலாம். அந்த யோசனை எனக்கு அப்போதே வந்தது. வேலை போய்விடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. நிதி நின்ற மாதக் கடைசியில் என்னையும் நிறுத்தினார்கள்.