கோட்டை அக்காவும் நீள மேசையும்

எங்கள் அகராதி அலுவலகத்தில் 'அ'வில் தொடங்கும் சொற்கள் முழுக்கக் கோட்டை அக்காவின் ஆட்சி. பட்டப்பெயர் நாங்கள் வைத்ததுதான், பொருத்தத்துக்குக் குறைவில்லை. இடப்பக்கம் இரும்பு பீரோ, வலப்பக்கம் தடித்தடியான பழைய அகராதிகள், முன்னால் விரித்த குடை, நடுவில் அக்கா. வெளியிலிருந்து பார்த்தால் கொண்டை மட்டும் தெரியும்.

அமைதியாக வேலை பார்க்கத்தான் இந்த ஏற்பாடு என்பார். சுத்தப் பொய். உள்ளே ஆள் இருப்பதையே மறந்து நாங்கள் ஊர்வம்பு பேசுவோம். யார் வீட்டில் சண்டை, யார் யாரோடு சினிமாவுக்குப் போனார்கள், ஒன்று விடாமல் அவர் காதுக்குப் போய்விடும். அந்த மூலை போனால் அவருக்குச் சோறு இறங்காது.

புதிதாக வந்த மேலாளர், எல்லோரும் ஒரே நீள மேசையில் உட்கார வேண்டும் என்றார். அக்கா அப்போது 'அரண்' என்ற சொல்லுக்குப் பொருள் எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தாளையே நீட்டினார்: 'பகைவரைத் தடுக்க ஓரிடத்தில் நிலையாக அமைந்த காப்பு; மதில், அகழி, காடு போன்றவை.'

"நிலையா அமைஞ்சதுன்னு நானே எழுதியிருக்கேன் சார். அப்புறம் நானே எப்படி நகர்த்துறது?"

மேலாளர் வாதாடவில்லை, சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் நீள மேசையை மாடியில் போட்டு எங்களை மட்டும் மேலே ஏற்றிவிட்டார். அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கீழே அவர் கேட்ட அமைதி கிடைத்தது. மேலே நாங்கள் வேண்டுமென்றே கொஞ்சம் பலமாகச் சிரித்தோம். பசை வேண்டும், கத்தரிக்கோல் வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு ஏறி வந்தார். அவர் தலையைக் கண்டதும் கப்சிப் ஆனோம். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் விடவில்லை.

மத்தியானம் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறினார். கையோடு கொண்டுவந்த 'அரண்' தாளில் எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது: 'படை அரணைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது, உள்ளே இருந்தவர்களுக்குத்தான் பொழுது போகவில்லை.'

மேலாளர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, குரலைத் தாழ்த்தினார். "நம்ம கணக்கர் யாரோட சினிமாவுக்குப் போனாராம்?"

நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே அவர், மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்த மேலாளருக்கும் எங்களுக்கும் நடுவில் தடித்த அகராதி ஒன்றை நிமிர்த்தி வைத்தார்.