எங்கள் வீட்டுப் பறக்கும் பாப்பா

என் தம்பி மகளை ஹட்டன் பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் அடையாளம் கண்டுகொண்ட அன்றுதான் விஷயம் கைமீறிப் போயிருக்க வேண்டும். கினிகத்தேனைப் பக்கத்திலிருந்து வந்த சிங்களப் பெண். பிள்ளையைப் பார்த்ததும் புருஷனின் தோளைத் தட்டி, "மே பியாம்பன பபா நேத?" என்றாள். இதுதானே அந்தப் பறக்கும் பாப்பா என்று கேட்கிறாள். தம்பிக்கு அன்று தலைகால் புரியவில்லை. அவன் கொட்டகலையில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஏறுகிறவர்கள் எல்லாம் அவன் முதுகைப் பார்த்தே இறங்கிப் போகிறவர்கள். அன்று அவன் முகத்தை இரண்டு பேர் நின்று பார்த்தார்கள், சிரித்தார்கள், பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் உள்ளூரப் பெருமையாக இருந்தது. இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் வீடு. வீட்டில் நான்கு பேர். தம்பி, அவன் மனைவி, ஒன்றரை வயதுப் பிள்ளை, கல்யாணம் கட்டாமல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருக்கும் நான். தம்பியை வளர்த்ததும் நான்தான். அதனால் அவனைத் திட்டுகிற உரிமை எனக்கு உண்டு என்று நினைப்பேன், நினைத்ததை அடிக்கடி செய்யவும் செய்வேன்.

பிள்ளைக்கு எட்டு மாதம் இருக்கும்போது தூக்கிப் போட்டுப் பிடிப்பான். அது எல்லா அப்பன்மாரும் செய்வதுதான். ஒரு நாள் அவன் மனைவி அதைப் போனில் பிடித்துப் போட்டாள். இரண்டே பல்லை வைத்துக்கொண்டு பிள்ளை காற்றில் சிரித்த சிரிப்பை எங்கெங்கோ இருக்கிறவர்கள் பார்த்தார்கள். இன்னும் போடுங்கள் என்றார்கள். பிள்ளை நிற்கப் பழகியதும் கட்டிலில் நிறுத்திப் பாயவைத்தான். பிறகு மேசை. பிறகு இஸ்தோப்பின் அரைச்சுவர். இஸ்தோப்பு என்றால் லயத்து வீட்டின் முன்தாழ்வாரம். அதற்குப் பிறகு தண்ணீர்த் தொட்டி, ஆட்டோவின் கூரை, கடைசியில் பொகவந்தலாவை ரோட்டோரத்தில் பள்ளத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பாறை. பாறை வீடியோவை நான் முழுதாகப் பார்க்கவில்லை. பாதியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அவர்கள் எடுக்கும் விதம் இதுதான். தம்பி கீழே குனிந்து, படத்தில் விழாதபடி கையை நீட்டிக்கொண்டு நிற்பான். அவள் எதிரே நின்று போனை உயர்த்துவாள். "பற பாப்பா" என்பார்கள். சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பிள்ளை தேயிலை மலைக்கு முன்னால் வெறும் காற்றில் பாயும். அத்தோடு வீடியோ முடிந்துவிடும். அப்பன் பிடிப்பதைக் காட்டினால் யார் பார்க்கப்போகிறார்கள்?

"ஏன்டா, ஒனக்குக் கூறு இருக்கா? கை தவறுனா என்னடா ஆகும்?" என்று கத்துவேன்.

"தவறாதுக்கா. நான் புடிக்காம விடுவனா?"

அவன் மனைவி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சொல்வாள், "இவளுக்குப் பயமே இல்லங்க அண்ணி. பாருங்க, எப்புடி சிரிக்கிறான்னு."

அதைக் கேட்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கும். ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன்? திட்டிவிட்டு உள்ளே போய் அதே வீடியோவுக்கு ஒரு இதயம் போட்டேன். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்மார் "ஒங்க தம்பி புள்ளையா டீச்சர்?" என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிட்டு, "நான் சொன்னா கேக்குறானா" என்று சலித்துக்கொள்வதுபோல ஒரு பாவனை. இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

ஆகஸ்ட் விடுமுறை வந்தது. தம்பி மனைவி கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் நாட்களில் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவாள். வேலைக்குப் போகும் தாய்மார் எல்லோரும் விடுகிற இடம் அது. பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. "நான் லீவுல சும்மாதான இருக்கேன், காம்பராவுக்கு எதுக்கு?" என்று நான்தான் வீட்டில் நிறுத்தினேன். அவள் சந்தோஷமாகப் போனாள்.

இரண்டு நாளாக மழை இல்லை. நல்ல வெயில். பிள்ளையை இஸ்தோப்பில் பாய் விரித்து உட்காரவைத்து, கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, துவைத்த துணிகளைக் காயப்போட முற்றத்துக்கு இறங்கினேன். எங்கள் லயம் மேட்டில் இருக்கிறது. இஸ்தோப்பிலிருந்து இறங்க ஐந்து கல்படி. படிக்கு அடியில் மழைத்தண்ணீர் ஓடுகிற கல்கான். நான் கானைத் தாண்டி, படியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, கொடிக்கம்பியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் பிள்ளை எழுந்து மேல்படியில் நிற்கிறாள். ஒரு கையால் தூணைப் பிடித்திருக்கிறாள். மற்றக் கையில் பிஸ்கட். வாயைச் சுற்றிப் பிஸ்கட் தூள். வெயில் நேராக முகத்தில் விழுகிறது. ஓடிப்போய்த் தூக்கியிருக்க வேண்டும். நூறு பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற எனக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. இந்தப் பிள்ளை பாயாமல், பறக்காமல், இப்படிச் சும்மா நிற்கிற மாதிரி ஒரு படம்கூட இந்த வீட்டில் இல்லையே என்று தோன்றியது. ஒன்று எடுத்து இரண்டு பேரிடமும் காட்டி, "பிள்ளைன்னா இப்புடி எடுக்கணும்" என்று சொல்ல வேண்டும். தோளில் கிடந்த ஈரத்துணியைக் கம்பியில் எறிந்துவிட்டுப் போனை எடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து உயர்த்தினேன்.

பிள்ளையின் முகம் மலர்ந்தது. பிஸ்கட்டைக் கீழே போட்டாள். தூணை விட்டாள். முழங்காலை மடித்தாள்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. போனில் அவள் முகம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. நெற்றியில் தையல். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் தொடை முறிந்தால் என்ன செய்வார்கள் என்று நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. கட்டிலுக்கு மேலே ஒரு கம்பியைப் போட்டு, இரண்டு காலையும் கட்டி மேலே தூக்கிவிட்டிருந்தார்கள். முதுகு மட்டும்தான் மெத்தையில் பட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே கிடந்தாள்.

மலையிலிருந்து கொழுந்துப் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்த அவள் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எப்புடிங்க அண்ணி விழுந்தா?"

"கால் வழுக்கிருச்சும்மா. படி ஈரமா இருந்துச்சு."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று தெரியவில்லை. படி காய்ந்து கிடந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க என்னா பண்ணுவீங்க, பாவம்" என்றாள். நானும் அழுதேன். என் அழுகையில் பாதி பயம்.

தம்பி ஆஸ்பத்திரியிலும் போனை எடுத்தான். "வீடியோ கரன்ன எப்பா" என்று, எடுக்க வேண்டாமென ஒரு தாதி அதட்டிய பிறகு பையில் போட்டான். அதற்குள் எடுத்த ஒரு படத்தைப் போட்டுவிட்டிருந்தான். தொங்கும் கால்களைப் பார்க்க வந்த கூட்டம் பறக்கும் பாப்பாவைப் பார்க்க வந்ததைவிடப் பெரிது. பாதிப் பேர் கும்பிட்டார்கள். மீதிப் பேர் அம்மாவைத் திட்டினார்கள். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் ஒரு தாயா என்றார்கள். எழுதவே கை கூசுகிற வார்த்தைகள். அவள் எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாக வாசித்தாள். வாசிக்காதே என்று பிடுங்கினால், "வாசிக்கத்தான வேணும்" என்பாள். லயத்துக்காரர்களும் அதையேதான் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கான் வழியே ஓடிய அத்தை என்று நல்ல பெயர்தான் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி சீமெந்து குழைத்து ஐந்து படியையும் சொரசொரப்பாகப் பூசினான். "இனி யாருக்கும் வழுக்காதுக்கா" என்றான். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். அந்தப் பூச்சு காய்வதற்குள் சொல்லியிருக்கலாம். காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பிள்ளை மறுபடி நடக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நடக்கிறாள், போகப் போகச் சரியாகும் என்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு ஒரு நாள் வீட்டுக்குள் நுழைகிறேன், பிள்ளையைக் கட்டிலில் நிறுத்தியிருக்கிறார்கள். தம்பி கீழே முழங்கால் போட்டு இரண்டு கையையும் நீட்டியிருக்கிறான். அவன் மனைவி சுவரோடு ஒட்டி நின்று போனைத் தயாராக வைத்திருக்கிறாள்.

"கட்டில்ல இருந்துதானக்கா" என்று தம்பி முந்திக்கொண்டான். "பயம் உள்ள உக்காந்துட்டா அப்புறம் போகாது. ஒரே ஒரு தடவ."

அவன் மனைவி என்னைப் பார்க்காமல் சொன்னாள், "திட்டுனவங்க எல்லாம் பாக்கட்டுங்க அண்ணி. எம் புள்ள நல்லா இருக்கான்னு பாக்கட்டும்."

அவளுக்கு விழுந்த திட்டெல்லாம் எனக்கு விழ வேண்டியது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் போனை உயர்த்தினாள். பிள்ளை முழங்காலை மடித்தாள், நல்ல காலை முதலில், மற்றதை மெதுவாக.

"போனக் கீழ போடு!" என்று நான் போட்ட கத்தலில் பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி சொல்லமாட்டேன் என்று தெரியும். படி ஈரமில்லை என்றேன். கால் வழுக்கவில்லை என்றேன். நான் படம் எடுக்கப் போனை உயர்த்தினேன், போன் உயர்ந்தால் பாய வேண்டும் என்று நீங்கள் பழக்கிய பிள்ளை, என்னை நம்பிப் பாய்ந்தாள் என்றேன்.

அவள் பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தம்பி முழங்காலிலேயே இருந்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் கணக்குப் பிடிபடாத பிள்ளை என்னிடம் வந்து கேட்பதுபோல நிஜமாகவே கேட்டான்.

"சரிக்கா, அவ பாஞ்சா. நீங்க ஏன் கைய நீட்டல?"

என் இரண்டு கையிலும் போன் இருந்தது.