சின்னம்மா கோல் காத்த தீபாவளி

தீபாவளிக்கு மறுநாள் எங்கள் செம்பனைத் தோட்டத்துப் பெண்களுக்கும் சுங்கை காடுட் தொழிற்சாலைப் பெண்களுக்கும் ஹாக்கிப் போட்டி நடக்கும். வருடம் தவறாமல் நாங்கள்தான் தோற்போம். அந்த வருடம் மட்டும், பந்தை உருட்டுவதற்கு முன்பே ஜெயித்துவிட்டதாக நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். சின்னம்மா லீவில் வந்திருந்தார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. மலேசிய அணியில் முன்வரிசை ஆட்டக்காரர். செம்பனைகளுக்கு நடுவே இருந்த எங்கள் மேடுபள்ளத் திடலில் ஆடிப் பழகியவர், விமானம் ஏறிப்போய் எத்தனையோ நாடுகளில் கோல் போட்டிருந்தார். ஓர் இறுதியாட்டத்தில் அவர் போட்ட கோலைத் தோட்டமே மண்டபத்துத் தொலைக்காட்சியில் பார்த்தது. அப்பா குதித்த குதியில் அம்மாவின் புது பிளாஸ்க் உடைந்தது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. எட்டு வயதில் எனக்குக் கோலைவிட அதுதான் அதிசயம்.

எங்கள் அணியை நடத்தியவர் அப்பா. சின்னம்மாவை முன்வரிசையில் நிறுத்தப்போனபோது எதிரணித் தலைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள். பக்கத்து ஊரான பாரோயில் இருக்கும் உயரமான அக்கா அவள்.

“நேஷனல் பிளேயர் முன்னுக்கு நின்னா நாங்க எதுக்கு ஆடணும்? ஞாயம் இல்லலா. நாங்க பஸ் ஏறுறோம்.”

திடல் முழுக்க ஊளையிட்டது. அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சின்னம்மாதான் சிரித்தார்.

“விடுங்க மாமா. நான் கோல்ல நிக்கிறேன். ஆட்டம் நடக்கட்டும்.”

காலில் தடித்த பட்டைகளும் தலைக்கவசமுமாகக் கோல் வாயில் நின்ற சின்னம்மாவை எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஆனால் பந்துக்குத் தெரிந்திருந்தது. வந்த பந்தெல்லாம் அவர் மட்டையைத் தேடிப்போய் மோதியது. ஒன்று மட்டும் தப்பி உள்ளே போனது. எங்கள் பெண்களும் பதிலுக்கு ஒன்று போட்டார்கள்.

ஆட்டம் முடியும் நேரத்தில், கோலுக்குள் போக இருந்த எங்கள் பந்தை எதிரணிப் பெண் ஒருத்தி காலால் தடுத்தாள். நடுவர் விசில் ஊதினார். பெனால்டி ஸ்ட்ரோக்! கோல் காப்பவரை மட்டும் எதிரே நிறுத்தி அடிக்கும் ஒற்றை அடி. எங்கள் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் மட்டையைத் தூக்கத் துணிவில்லை.

கூட்டத்திலிருந்து அம்மா கத்தினார்: “என் தங்கச்சி அடிக்கட்டும்!”

கோல் காப்பவரும் அடிக்கலாம் என்றார் நடுவர். எல்லோரும் எதிரணித் தலைவியைப் பார்த்தோம். இந்த முறை அவள் மறுக்கவில்லை. “அடிக்கட்டும்லா” என்றாள்.

சின்னம்மா தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்தார். ஓடவில்லை. பட்டைகள் தொப் தொப்பென்று ஒலிக்க, அவசரமே இல்லாமல் நடந்தார். கூட்டம் அந்த நடைக்குக் கைதட்டத் தொடங்கியது. எதிரணி கோல்காரியை நடந்தே பயமுறுத்துகிறார் என்று நான் பூரித்துப்போனேன்.

ஒரே அடி. பந்து மேல் மூலையில் போய் வலையை உலுக்கியது. கோல்காரி கையைக்கூடத் தூக்கவில்லை. உருமி மேளம் வெடித்தது. பெண்கள் சின்னம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றினார்கள். அப்பா விசிலடித்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

சின்னம்மாவை இறக்கிவிட்டதும் எதிரணித் தலைவி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தாள், விடவே இல்லை. அவள் தோள் குலுங்கியது.

பல வருடம் கழித்துச் செண்டாயானில் ஒரு கல்யாண வீட்டில் சின்னம்மாவே சொன்னார். அந்த அக்கா மாநில அணியில் அவருடைய கூட்டாளி. சின்னம்மாவின் முழங்கால் அதற்கு முன்பே போய்விட்டது. இனி ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் முதல்நாளே அந்த அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்: “நான் ஓடினா எங்கக்கா கண்டுபிடிச்சிடும்டி. முன்னுக்கு ஆட விடமாட்டோம்னு நீயே சண்டை போடு.”

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நான் அந்த அக்காவின் ஜெர்சியைப் பிடித்து இழுத்து, திடலே கேட்கும்படி கத்தினேன்:

“தோத்ததுக்குப் போயா இப்படி அழுவுறது?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமாம்மா, அதுக்குத்தான்” என்றாள். நான் ஜெயித்த பெருமையில் மேளத்தின் பின்னால் ஓடிவிட்டேன்.