டேங்க்குக்குப் பின்னால் ஒரு கட்டை

போன வாரம் என் செல்போன் சூடாகிவிட்டது. சாதாரணச் சூடு இல்லை. மேலே ஒரு கரண்டி மாவு ஊற்றினால் தோசை எடுத்துவிடலாம்.

காரணம்? மாஸ்கோ!

அங்கே ராணுவ அணிவகுப்புக்கு ஒத்திகை நடக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் மாடி ஜன்னலில் நின்று அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டுக்கொண்டே இருக்கிறார். அகலமான சாலை. ஒரு ஸ்கூட்டர்கூடக் கிடையாது. முதலில் ஓர் உறுமல். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அதிர்கிறது. திருப்பத்தில் ஒரு பீரங்கிக் குழல் மட்டும் நீளமாக எட்டிப் பார்க்கிறது... அப்புறம் ஒன்று, இரண்டு, பத்து, இருபது என்று வரிசையாக டேங்க்குகள்!

ஒரே வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று என் மனைவியிடம் கேளுங்கள். "இந்த வயசுல பொம்மை கார் பாக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்பாள்.

இத்தனைக்கும் நான் பல்லி விழுந்தாலே நாற்காலி மேல் ஏறுகிறவன். போர்ச் செய்தி வந்தால் சேனலை மாற்றிவிடுவேன். ஆனால் ஒத்திகை வேறு. அதில் யாரும் யாரையும் சுடுவதில்லை. அவ்வளவு பெரிய இரும்பு, வரிசை தப்பாமல் நடக்கப் பழகுகிறது. முதல் நாள் பள்ளிக்குப் போகிற பிள்ளை மாதிரி. அதை எப்படிப் பார்க்காமல் இருப்பது?

சரி, போனுக்கு வருவோம். கள்ளக்குறிச்சியில் என் போனுக்கு வைத்தியம் பார்ப்பவர் ஜமால் பாய். பின்பக்க மூடியைக் கழற்றியவர் உதட்டைப் பிதுக்கினார்.

"பேட்டரி உப்பிக்கினு கீது சார். அப்படி இன்னாதான் பாக்கறீங்க?"

கேட்டுவிட்டாரே! அவர் போனை வாங்கி மாஸ்கோவைப் போட்டேன். கடையில் இருந்த நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஆள் சேர்ந்தால் எனக்குச் சொல்லவா வேண்டும்? பக்கவாட்டில் செங்கல் அடுக்கியது போல இருப்பது கவசம், குண்டு பட்டால் அதுவே வெடித்து எதிரிக் குண்டைத் தடுக்கும் என்றேன். மேலே சுழல்வது என்ன, முன்னால் துருத்துவது என்ன... வெளுத்து வாங்கினேன்.

"அதெல்லாம் சரி. பின்னாடி குறுக்கால மரக்கட்ட ஒண்ணு கட்டி வச்சிக்கீறானே, அது எதுக்கு?" என்றார் பாய்.

உண்மையிலேயே இருந்தது. ஒவ்வொரு டேங்க்குக்குப் பின்னாலும் ஒரு முழு மரக்கட்டை. நூறு முறை பார்த்த என் கண்ணில் அது ஒரு முறைகூடப் படவில்லை.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்கு அந்த வார்த்தை வாயில் வராது.

"விறகு, பாய். ரஷ்யாவுல குளிர் ஜாஸ்தி. அங்கங்க எறங்கிக் குளிர் காயணுமில்ல?"

நான்கு பேரும் தலையாட்டினார்கள். பாய் ஆட்டவில்லை.

"கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்துல நம்ம கஸ்டமர் ஒருத்தரு கீறாரு சார். கலியபெருமாள்னு பேரு. மிலிட்டரில ரஷ்யா டேங்க் ஓட்டினவரு. பேட்டரி வர ரெண்டு நாளாவும். அதுக்குள்ள போயி, விறகுதானான்னு கேட்டுக்கினு வாங்களேன்."

ரஷ்ய டேங்க் ஓட்டினவர்! நம்ம பக்கத்தில்! என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில்! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் என் பழைய காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். முந்தின நாள் பெய்த மழையில் கல்வராயன் மலை குளித்துவிட்டு நின்றது. ஊர் முனையில் ஓர் அம்மாளிடம் விசாரித்தேன்.

"இங்க டேங்க் ஓட்டினவர் வீடு எதும்மா?"

"டேங்க் ஆபரேட்டரா? தோ, டேங்க் மேலதான் கீறாரு. ஏன், உங்க தெருவுல தண்ணி வர்லயா?"

அவர் காட்டிய இடத்தில் ஊராட்சியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி நின்றது. உச்சியில் ஒருவர் மூடியைத் திறந்து பிளீச்சிங் பவுடர் கொட்டிக்கொண்டிருந்தார். போச்சு! நம்மூரில் டேங்க் என்றால் தண்ணீர்த் தொட்டிதானே? பாய் என்னை வைத்து விளையாடிவிட்டார்.

கீழே இருந்து கத்தினேன். "ஐயா! நான் தேடறது வேற டேங்க்! ரஷ்யா டேங்க்!"

மேலே பவுடர் கொட்டுவது நின்றது. பிறகு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"எது? டி-செவன்ட்டி டூவா?"

ரஷ்ய டேங்க்கின் பேர் அது! நம்புங்கள், எனக்குப் புல்லரித்துவிட்டது. இரண்டு டேங்க்கும் ஒரே ஆள்தான்! ராணுவத்திலிருந்து வந்தபிறகு ஊர்த் தண்ணீர்த் தொட்டி வேலை. அந்த வயதில் அவர் ஏணியில் இறங்கிய வேகத்தில் நான் சமதரையில்கூட நடந்ததில்லை.

ஆள் குள்ளம். உருண்டு திரண்ட தோள். "உள்ள எடம் கம்மி சார். எங்கள மாதிரி அளவான ஆளுதான் லாயக்கு" என்றவர், என் வயிற்றை ஒருமுறை பார்த்தார். "உங்கள உள்ள அனுப்பினா, வெளிய எடுக்க இன்னொரு டேங்க் வரணும்."

வீட்டில் அவர் மனைவி அஞ்சலை டீ கொடுத்தார். "ரிகர்சல பாக்கவா சார் அவ்ளோ தூரத்துலருந்து வந்தீங்க?"

"ரிகர்சலா? யாரும்மா?"

"இவருதான். கலியபெருமாள்னா இந்த ஊருல யாருக்கும் தெரியாது. ரிகர்சல்னு கேளுங்க, கைய புடிச்சுக் கூட்டியாந்து உடுவாங்க."

கலியபெருமாள் சிரித்தார். கதை வந்தது.

டெல்லிக் குடியரசு தின அணிவகுப்புக்கு அவருடைய படைப்பிரிவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு மாத ஒத்திகை. விடிவதற்கு முன்னே மூடுபனியில் கிளம்ப வேண்டும்.

"ஸ்டியரிங் கெடையாது சார், ரெண்டு லீவரு" என்றவர், உற்சாகத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார். இடது கையில் அகப்பை. வலது கையில் துடைப்பம். "இத இழுத்தா இந்தப் பக்கம் திரும்பும். தலய மட்டும் வெளிய நீட்டிக்கினு போவணும். மூஞ்சில ஊசி குத்தறாப்ல காத்து. கண்ணுல தண்ணியா ஊத்தும். தொடைக்கக் கூடாது. முன்னாடி வண்டிக்கும் எனக்கும் ஒரே எடவெளி, நூல் புடிச்சாப்ல..."

"தொடப்பத்தக் கீழ வை" என்றார் அஞ்சலை.

நானும் அந்த டேங்க்கில் உட்கார்ந்திருந்தேன் ஐயா. அவர் அகப்பையை இழுத்தபோது நானும் சாய்ந்தேன்.

அப்போது அவர்களுக்குக் கல்யாணம் ஆன புதிது. 'டிவி பாருங்க, நான் வருவேன்' என்று ஊருக்குக் கடிதம் போட்டுவிட்டார். ஊருக்கே ஒரு டிவி. சனம் மொத்தமும் திரண்டுவிட்டது. அஞ்சலை முதல் வரிசை. டேங்க்குகள் வந்தன. "இதா?" "அதா?" என்று எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். போயே போய்விட்டன. கலியபெருமாள் வரவில்லை.

"ரிசர்வ் சார்" என்றார் மெதுவாக. "கடைசி நேரத்துல என் வண்டிய ரிசர்வுல போட்டாங்க. எதுனா ஒண்ணு வழியில நின்னுட்டா நான் உள்ள பூரணும். ஓரமா இஞ்சின ஓட விட்டுக்கினு நின்னேன். ஒண்ணும் நிக்கல." கொஞ்சம் நிமிர்ந்தார். "நம்ம வண்டிங்க நிக்காது சார்."

லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும், அஞ்சலையின் தம்பி ஏழுமலை மாலையோடு நின்றானாம். "வாங்க, ரிகர்சல் மாமா!"

அவ்வளவுதான். பேர் ஒட்டிக்கொண்டது.

"எங்கம்மா வூட்டு சனம் பூரா வந்து குந்தியிருந்துச்சு சார்" என்றார் அஞ்சலை. "இவரு மூஞ்சியே வர்ல. டேங்க ஓட்டினாரோ... தொடச்சிக்கினு இருந்தாரோ... நான் இன்னா கண்டேன்?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அகப்பை மெதுவாகக் கீழே இறங்கியதைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் கலியபெருமாள் மெடல் கேட்கவில்லை. மனைவி ஒருத்தர் நம்பினால் போதும் என்று இருந்திருக்கிறார். அதுதான் கிடைக்கவில்லை.

பேச்சை மாற்ற வேண்டும். கேட்டேன்: "பின்னால கட்டை ஒண்ணு இருக்குதே... விறகுதானே அது?"

டீ அவர் மூக்கு வழியாக வந்தது. சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம்.

"விறகா! சார், வண்டி சேத்துல மாட்டிக்கினா, அந்தக் கட்டைய, சக்கரத்து மேல ஓடற ரெண்டு பக்கத்து செயினோடயும் குறுக்கால கட்டிடுவோம். செயின் சுத்தினா கட்ட அடியில போவும். வண்டி அது மேல ஏறி வெளிய வந்துடும். தன்னத்தானே தூக்கிக்கும்!"

"டெல்லியில அதுக்கும் ஒத்திகை உண்டா?"

"நல்ல ரோட்டுல அதுக்கு இன்னா வேல? பெயிண்ட் அடிச்சுக் கூடவே கூட்டிக்கினு போவாங்க. கூட்டிக்கினு வருவாங்க."

சொல்லிவிட்டு அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். நான் ஜோக் அடிக்காமல் விட்ட இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது ஒன்று.

அப்போதுதான் வாசலில் சத்தம். சாட்சாத் ஏழுமலை!

"மாமா! கெளம்பு, வண்டி மாட்டிக்கிச்சு. தள்றதுக்கு ஆளு வேணும்!"

ஓடினோம். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த ஏழுமலையின் மினி லாரி, ஓடையோரத்துச் சேற்றில் பின்சக்கரம் முழுக்கப் புதைந்து கிடந்தது. ஜேசிபி மலை மேலே வேலைக்குப் போயிருக்கிறதாம். நாளைக்குத்தான் வரும். அதற்குள் கிழங்கு கறுத்துவிடும், ஆத்தூர் ஜவ்வரிசி மில்லில் உள்ளேயே விட மாட்டார்கள். ஏழுமலைக்கு அழுகையே வந்துவிட்டது.

பதினைந்து பேர் தள்ளினோம். ஆம், நானும்! வெள்ளைச் சட்டையோடு! சக்கரம் சுற்றி என் மேல் சேற்றை வாரி இறைத்ததே தவிர, வண்டி நகரவில்லை. "சார், நீங்க தள்ளல, சாஞ்சிக்கினு கீறீங்க" என்று ஒருவர் என்னைக் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

கலியபெருமாள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்ட இருக்கா?"

"மாமா, ரிகர்சல் பாக்கற நேரமா இது?"

"கட்ட இருக்காடா?"

அந்தக் குரல் தண்ணீர்த் தொட்டிக்காரர் குரல் இல்லை. வெட்டிப் போட்டிருந்த தைலமரக் கட்டை ஒன்றை இரண்டு பேர் இழுத்து வந்தார்கள். இரண்டு பின்சக்கரத்துக்கும் குறுக்காக அதை வைத்து, சக்கரத்தின் ஓட்டை வழியே சங்கிலி விட்டு இறுக்கினார். ஏழுமலையைச் சீட்டிலிருந்து இறக்கிவிட்டுத் தானே ஏறினார். "ஹட் ஜாவ்!" என்று ஒரு சத்தம். இந்தி தெரியாத ஊர் முழுக்கப் பத்தடி பின்னால் போனது.

முதல் தடவை சங்கிலி நழுவியது. கட்டை கழன்றது. வண்டி இன்னும் ஒரு சாண் உள்ளே போனது.

"சொன்னேனே..." என்றார் ஏழுமலை. வரப்பில் நின்ற அஞ்சலை, தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "சும்மா இருடா."

இன்னொரு முறை இறுக்கினார். ஏறினார். கதவு ஜன்னலில் தலையை வெளியே நீட்டினார். பின்சக்கரத்தைப் பார்க்கத்தான். ஆனால் எனக்கு வேறொன்று தெரிந்தது. மூடுபனி, ரெண்டு லீவர், நூல் பிடித்த இடைவெளி...

உறுமல். கட்டை மெதுவாகச் சேற்றுக்குள் போனது. கடித்தது. லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, முழங்காலில் கை ஊன்றி எழுகிற ஆள் போல முக்கி, முனகி... எழுந்துவிட்டது! கட்டை மறுபக்கம் மேலே வருவதற்குள் சட்டென்று நிறுத்தினார். அவிழ்த்தார்கள். அடுத்த ஒரே இழுப்பில் வண்டி கெட்டித் தரையில் நின்றது.

நான் விசில் அடித்தேன். அடிக்கத் தெரியாது. காற்றுதான் வந்தது. இருந்தாலும் அடித்தேன்.

ஏழுமலை கிட்டே வந்தார். "மாமா... இதெல்லாம் எங்க கத்துக்கின?"

கலியபெருமாள் சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ரிகர்சல்லதான்."

ஊரே சிரித்தது. இந்த முறை அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

நாங்கள் சேறும் சகதியுமாக வீட்டு வாசலுக்கு வந்தபோது, முன்னாலேயே வந்துவிட்ட அஞ்சலை ஒரு குடம் தண்ணீரோடு நின்றார்.

"கால கழுவிக்கினு உள்ள வா, டேங்க் டிரைவரு."

அவர் நின்றுவிட்டார். "இன்னா சொன்ன?"

"காது கேக்கல? கால கழுவுன்னேன்."

அதற்குமேல் அந்த அம்மாள் நிற்கவில்லை. அவர் கால் கழுவினார். ஒரே காலை. பத்து நிமிஷம்.

திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நம்மில் பாதிப் பேர் ரிசர்வ் வண்டிதான், இல்லையா? துடைத்து, ஸ்டார்ட் செய்து, ஓரமாக நிற்கிறோம். டிவியில் வருவதில்லை. ஆனால் சேறு எந்தப் பக்கம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

போனில் பேட்டரி மாற்றியாகிவிட்டது. என் கார் டிக்கியில் இப்போது நிரந்தரமாக ஒரு தைலமரக் கட்டை இருக்கிறது.

"எதுக்கு, குளிர் காயவா?" என்கிறாள் மனைவி. பாய் அந்த விறகுக் கதையை வீட்டுக்கே போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்!