படம் வராத இரண்டு காலைகள்

மாவுக் கையால் கைப்பேசியைத் தொடக்கூடாது என்பது கஸ்தூரி தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அதனால் சுண்டுவிரலால் தொடுகிறார். மற்ற விரல்களில் ரொட்டி சானாய் மாவும் மார்ஜரினும் மினுங்க, சுண்டுவிரல் மட்டும் தனியே நீண்டு திரையில் படங்களைத் தள்ளிக்கொண்டே போகிறது. செவ்வாய் என்றால் முருகன், வெள்ளி என்றால் அம்மன். மற்ற நாட்களுக்குப் பூ, குருவி, ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை. எந்தப் படமானாலும் அதன் மேல் 'இனிய காலை வணக்கம்' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாத படத்தை அவர் மதிப்பதில்லை.

லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது அவருடைய பசியாறும் கடை. முதல் ரொட்டி கல்லில் விழுவதற்குள் வணக்கம் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். கோயில் குழு, தாமான் குடியிருப்பு மகளிர் குழு, சொந்தக்காரர்கள் குழு, கணவர் செல்லப்பனின் பழைய ரயில்வே கூட்டாளிகள் குழு. இந்தக் கடைசிக் குழுவில் அவரை யார் சேர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வெளியேற்றும் துணிச்சலும் யாருக்கும் இல்லை. அனுப்பி முடித்ததும் திரையை வாயால் ஊதி, கைலியில் துடைத்து, காலி பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடுவார். ஏன் ஊதுகிறீர்கள் என்று கேட்டால், "சூடு ஆறட்டும் லா. அதுவும் காலையிலேர்ந்து வேலை செய்யுதுல்ல" என்பார்.

போனில் பேசும்போது தூரத்துக்குத் தகுந்த சத்தம். குளுவாங்கில் இருப்பவரோடு சாதாரணக் குரல். பினாங்கு என்றால் கொஞ்சம் கூட்டுவார். மெல்போர்னில் படிக்கும் தம்பி மகளோடு அவர் பேசி முடித்தால், சாலைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கும் அந்தப் பெண் நேற்று என்ன சாப்பிட்டாள் என்பது தெரிந்திருக்கும்.

இத்தனை பேருக்கும் அனுப்புவது வெறும் மேளதாளம்தான். அந்தப் படம் போய்ச் சேர வேண்டிய ஆள் ஒருவர். லாபிஸில் இருக்கும் அவருடைய அக்கா வெள்ளையம்மா. எல்லோருக்கும் அனுப்பிவிட்டுக் கடைசியில், கொஞ்சம் தயங்கி, அக்காவுக்கு அனுப்புவார். சற்று நேரத்தில் இரண்டு நீல டிக் விழும். பார்த்துவிட்டார் என்று அர்த்தம். பதில் வராது. ஐந்து வருடமாக வரவில்லை.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த காலத்தில்தான் மகள் ஷர்மினிக்குக் கல்யாணம் நடந்தது. மாவட்டம் தாண்ட முடியாது, சாலையெங்கும் போலீஸ். கஸ்தூரி அழைப்பிதழைப் படம் பிடித்து எல்லோருக்கும் தட்டிவிட்டார். அதே தட்டில் அக்காவுக்கும் ஒன்று போனது. மூத்தவளை வீடு தேடிப் போய், வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து அழைப்பதுதான் முறை. அதற்கு வழியில்லாத காலம் என்பது வெள்ளையம்மாவுக்கும் தெரியும். ஆனால் அதற்குமுன் ஒரு போன்கூடப் போடாமல், கோயில் குழுவுக்குப் போனது போலவே தனக்கும் வந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "படத்த அனுப்பிட்டா கூப்பிட்ட மாதிரியா? நான் யாரோவா?" என்று ஒரு குரல்பதிவு வந்தது. பிறகு ஒன்றுமில்லை. சாலை திறந்த பிறகாவது கஸ்தூரி ஒரு நடை போயிருக்கலாம். கடை, செல்லப்பனின் முட்டிவலி, தீபாவளி வேலை என்று தள்ளிப்போட்டார். நாளாக ஆக, போவதற்கே வெட்கமாகிவிட்டது. லாபிஸ் ஒன்றும் சீனா தேசத்தில் இல்லை, காரில் ஒன்றரை மணி நேரம். போவதற்குப் பதில் படம் அனுப்ப ஆரம்பித்தார்.

பெரியம்மாவுக்குத் தினமும் படம் போவது ஷர்மினிக்குத் தெரியாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவள், வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தால் அம்மா குனிந்த தலை நிமிராமல் இருப்பதுதான் தெரியும். "உங்கள பாக்க ரெண்டு மணி நேரம் பாலத்துல ஜேம்ல நின்னு வர்றேன். வந்தா உங்க தலை உச்சிதான் தெரியுது" என்று ஒருநாள் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், கணவன் தீபனோடு சேர்ந்து பெலுமுட் மலையடிவாரத்தில் ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவது. சிக்னல் கிடைக்குமா என்று கஸ்தூரி மூன்று தடவை கேட்டார். "கொஞ்சம் வீக்கா இருக்கும்மா" என்று மூன்று தடவையும் மகள் கூசாமல் சொன்னாள்.

செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, செம்மண் பாதையில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கால்கள் மேல் நிற்கும் பலகை வீடு, தகரக் கூரை, பின்னால் மலை, முன்னால் பாறைகளுக்கு இடையே ஓடும் ஆறு. காவலுக்கு இருந்த மலாய்ப் பெரியவர் சாவியைக் கொடுத்தார். கஸ்தூரி கைப்பேசியைத் தூக்கிக் காட்டி, மலாயில் சிக்னல் எங்கே என்று கேட்டார். பெரியவர் மலையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், நல்ல சேதி சொல்பவரைப் போலச் சிரித்துக்கொண்டே "தா அடா" என்றார். இல்லவே இல்லை.

கஸ்தூரி நம்பவில்லை. கைப்பேசியைத் தலைக்குமேல் ஏந்தியபடி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறப்போனவரைத் தீபன் பிடித்து இறக்கினான். படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த செல்லப்பன், "கஸ்தூரி, அந்த போனும் நம்மகூட லீவுக்கு வந்திருக்கு. விடு" என்றார்.

மறுநாள் பழக்க தோஷம், எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிட்டார். வாசல் பலகையில் உட்கார்ந்து ஒரு மயில் படத்தை எடுத்து அக்காவுக்குத் தட்டினார். டிக் விழவில்லை. படத்தின் மூலையில் ஒரு சின்னக் கடிகாரம் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் அருகில் ஷர்மினி காப்பியோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு நாள் குட் மார்னிங் போகலன்னா கோயில் குரூப் செத்துப்போயிருமா மா?"

"கோயில் குரூப் கெடக்குது. இது பெரியம்மாவுக்கு."

"பெரியம்மாவுக்கா? டெய்லியா அனுப்புறீங்க?" ஷர்மினி காப்பியைக் கீழே வைத்தாள். "அவங்க பேசவே மாட்டாங்களே."

"பேசாது. பாக்கும். ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு நாள் விட்டதில்ல. இன்னைக்கு விட்டுட்டேன்ல, 'சரி, இவளுக்கும் அலுத்துப்போச்சு'ன்னு நெனச்சிரும்."

"அவங்க பாக்குறது உங்களுக்குப் போதுமா மா?"

"எப்படிப் போதும்?" என்றார் கஸ்தூரி. சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, செல்லப்பனிடம்கூட.

"நான்தான் சிக்னல் இருக்கும்னு பொய் சொன்னேன். சாரி மா. வேணும்னா இப்பவே கீழ எறங்கிரலாம்."

கஸ்தூரி யோசித்தார். கீழே இறங்கினால் படம் போகும். போனால் டிக் விழும். விழுந்த பிறகு, இன்றைக்காவது ஏதாவது வருமா என்று பிஸ்கட் டின்னைப் பத்து தடவை திறந்து பார்க்க வேண்டும். நினைக்கும்போதே கழுத்து வலித்தது. "வேணாம்மா. பசியாறலாம், வா" என்றார்.

பகல் சோற்றுக்குப் பிறகு, ஆற்றுச் சத்தம் கேட்கிற அறையில், பாய்கூட விரிக்காமல் பலகையில் படுத்தார். கடை நடத்துகிறவருக்குப் பகல் தூக்கம் ஏது. கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. மாவு பிசையவில்லையே என்று பதறி எழுந்தவர், எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்ததும் மறுபடி படுத்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்தார். காத்திருக்க ஒன்றுமில்லாத ஒரு பகல் எவ்வளவு சுகம் என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்று மாலை தீபன் சுட்ட கோழியில் உப்பில்லை என்று சொல்லி, இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டார். செல்லப்பன் சொன்ன பழைய ரயில்வே கதையை முதல் தடவை கேட்பவரைப் போல முழுதாகக் கேட்டார். கைப்பேசி எங்கே என்று யாரும் தேடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகுதான் எழுந்தார். ஷர்மினியோடு ஆற்றோரமாக நடந்து, 'பாக்கு' என்கிற காட்டுப் பெரணிக் கீரையின் இளங்கொழுந்தைச் சேலை மடி நிறையக் கிள்ளிக்கொண்டு திரும்பினார். சம்பல் பிளாச்சான் என்கிற இறால் மிளகாய் விழுதைப் போட்டுப் பிரட்டினால் அதற்கு ஈடு இல்லை என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவர், மரவீட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கண்ணாடி வரைக்கும் சேறு அடித்த ஒரு மைவி கார் நின்றிருந்தது. காருக்குப் பக்கத்தில், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெள்ளையம்மா.

தலை முழுக்க நரைத்துவிட்டது. அது கஸ்தூரிக்குத் தெரியாது. படம் இந்தப் பக்கமிருந்து மட்டும்தானே போய்க்கொண்டிருந்தது.

வெள்ளையம்மாவின் மகன் மூர்த்திதான் முதலில் பேசினான். "சின்னம்மா, நேத்து ஃபுல்லா அம்மா போன கையில வச்சிட்டே உக்காந்திருந்துச்சு. உங்களுக்குப் போட்டா, சித்தப்பாவுக்குப் போட்டா, ஒண்ணும் போகல. இன்னைக்குக் காலையில கெளம்பு கெளம்புன்னு ஒரே ரகள. உங்க வீட்டுக்குப் போனா பூட்டு. பக்கத்து வீட்லதான் இந்த எடத்தச் சொன்னாங்க."

வெள்ளையம்மா தங்கையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மடியில் கீரை, முகத்தில் தூங்கி எழுந்த தெளிவு. நோயாளியின் சாடை எங்குமில்லை. அவருக்கு மூச்சு நேரானது, உடனே கோபமும் வந்தது.

"நல்லாத்தான் இருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன்கா. இங்க சிக்னல் இல்ல."

"நேத்து வரல. சரி, கடையில கூட்டம்னு நெனச்சேன். இன்னைக்கும் வரல. நான் என்னன்னு நெனக்கிறது?"

"நீ சும்மா தெறந்து மூடுறன்னு நெனச்சேன்."

"சும்மாவா? அந்த மஞ்ச ரோசாவ எத்தன வாட்டிடி அனுப்புவ? தைப்பூசத்துக்கு முன்னாடி வந்தது, மறுபடியும் போன வாரம் வருது. வெள்ளிக்கிழம அம்மன் படத்துல பாதி நேரம் தல வெட்டுப்பட்டுப் போகுது."

ஷர்மினி வாயைப் பொத்திக்கொண்டாள். கஸ்தூரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அப்ப ஒரு பதில் போட்டிருக்கலாம்ல அக்கா?"

"படத்துக்கு என்னத்தப் பதில் போடுறது?" வெள்ளையம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "என் வீடு எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா கஸ்தூரி?"

கடை என்று சொல்லலாம், முட்டிவலி என்று சொல்லலாம். இரண்டும் வாய்வரை வந்து திரும்பிவிட்டன. "தப்புதான்கா. வந்திருக்கணும்" என்றார் கஸ்தூரி. பேசும் சத்தத்தில் தெருவையே கூட்டுகிறவர், பக்கத்தில் நின்றால் மட்டும் கேட்கிற அளவுக்கு அதைச் சொன்னார்.

வெள்ளையம்மா வீட்டுப் படியை ஒருதரம் பார்த்தார். ஏறவில்லை.

கஸ்தூரிக்குப் புரிந்துவிட்டது. மடியிலிருந்த கீரையை அப்படியே மகளின் கையில் கொட்டிவிட்டு, அக்காவுக்கு எதிரே போய் நின்றார். "உள்ள வாக்கா. சாப்புட்டுட்டுத்தான் போகணும். மூர்த்தி, நீயும் வாய்யா."

"ம்" என்றார் வெள்ளையம்மா. முதல் படியில் கால் வைத்தவர், தங்கையின் பாதத்தைப் பார்த்துவிட்டு நின்றார். "ஏய், நில்லு. அசையாத."

கஸ்தூரியின் கணுக்காலுக்குக் கீழே ஓர் அட்டை, இரத்தம் குடித்துச் சுண்டுவிரல் தடிமனுக்கு உருண்டிருந்தது. ஆற்றோரத்தில் ஏறியது, அவருக்குத் தெரியவேயில்லை. வெள்ளையம்மா படியில் உட்கார்ந்து தங்கையின் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அக்கா, நீ போய் என் கால..." என்று கூசி இழுத்தார் கஸ்தூரி. அக்கா பிடியை விடவில்லை. கைப்பையிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, நுனிவிரலில் தொட்டு அட்டையின் வாயில் வைத்தார். அது சுருண்டு விழுந்தது. கடித்த இடத்திலிருந்து இரத்தம் மெல்லியதாக வழிந்துகொண்டேயிருக்க, வெள்ளையம்மா கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினார். உள்ளேயிருந்து செல்லப்பன் வந்து "வாங்க" என்றதற்கும், ஷர்மினி பிளாஸ்டர் கொண்டுவந்து நீட்டியதற்கும், இரத்தம் நின்று வெகுநேரம் ஆன பிறகும், அந்த விரலை எடுக்கவில்லை.